ஏழாவது வரி

ஏழாவது வரியில் தையல்காரம்மாவும் விழுந்தார்.

கண் முகாமின் பரிசோதனை அட்டையில் மேலே ஆறு வரிகளை மளமளவென்று வாசித்தவர்தான். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணை இடுக்கினார், கழுத்தை நீட்டினார், உதட்டைப் பிதுக்கினார். சற்று முன்புதான் வரிசையில் நின்று ஊர்க்கதை பேசியபடியே ஊசியில் நூல் கோத்தவர் அவர்.

"கலங்கலா இருக்குங்க."

டாக்டர் இலவசக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். காலையிலிருந்து எண்பத்திரண்டு பேர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் பார்வைக் குறைபாடு. வட்டாரத்துக்கே கண் போய்விட்டது என்ற அறிக்கையை மனதுக்குள் பாதி எழுதியிருப்பார்.

டாக்டரும் தப்பவில்லை. முகாம் தொடங்குமுன் தன் கண்ணைச் சோதித்துப் பார்த்து, ஏழாவது வரி தெரியாமல், ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிய பிறகும் தெரியவில்லை. போகப் போகப் பழகிவிடும் என்று எல்லாருக்கும் சொல்வதைத் தனக்கும் சொல்லிக்கொண்டார்.

அடுத்து, அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்.

ஊருக்கு இது இலவச முகாம். அவருக்கு வயிற்றுப்பாடு. கண் நன்றாக இருக்கிறது என்று சீட்டு வாங்கி வராவிட்டால் இனி வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம் என்று முதலாளி தேன் தடவிச் சொல்லியிருந்தார்.

முப்பத்தொரு வருடமாக அடுத்தவர் பிழையைப் பிடித்தவர். தன் கண்ணிலேயே புரை விழுந்திருப்பதை நாலு மாதத்துக்கு முன் அவரே கண்டுபிடித்தார். டாக்டரிடம் காட்டவில்லை, மனைவியிடமும் மூச்சுவிடவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே மட்டும் இருந்தார். முதலாளிக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

தரையில் கிழித்திருந்த கோட்டில் நின்று இடது கண்ணைப் பொத்தினார்.

ஆறு வரிகள் பளிச்சென்று தெரிந்தன. ஏழாவது வரி கலங்கல்.

வாய் மட்டும் தடுமாறவில்லை. ப, ட, ச, ம, க, ண என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். சீட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"ஊர்லயே நல்ல கண்ணு உங்களுக்குத்தாங்க."

பிழைத்தேன் என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்தபோது, அடுத்து நின்ற தபால்காரர் ஆறு வரிகளைத் தாண்டிவிட்டு ஏழாவதில் திணறுவது காதில் விழுந்தது. தையல்காரம்மாவுக்கும் தபால்காரருக்கும் ஒரே இடத்திலா கண் கெடும்?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சுவரில் தொங்கும் அந்த அட்டை அவர் அச்சகத்தில் அடித்ததுதான்; அது தெரிந்துதான் ஒப்பித்தார். நாலு மாதத்துக்கு முன் அதன் புரூஃப் அவர் மேஜைக்கு வந்தபோதே கடைசி வரி கலங்கலாகத்தான் இருந்தது. எழுத்து இரட்டையாக விழுந்திருக்கிறதோ என்று கேட்க வாயெடுத்தார். கிழவனுக்குக் கண் போய்விட்டது என்பார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். அச்சடிக்க எழுதிக் கொடுத்த மூலத் தாளைப் பார்த்து, யாராவது கேட்டால் வாசித்துக் காட்ட ஆறெழுத்தையும் நெட்டுருப் போட்டுவிட்டு, 'சரி' என்று ஒப்பமிட்டு அனுப்பினார்.

அவர் கண்ணில் புரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் அத்தனை பேரும் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். சொன்னால் முதலாளி சும்மா விடமாட்டார். கண் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று காலில் விழலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஊரிலேயே நல்ல கண் அவருடையதுதான் என்று முத்திரையோடு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.