ஏழாவது பட்டை

ஏழாவது பட்டையை இழுவை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் மாட்டினேன். விரல் நீளம், கரிக்கருப்பு.

ஐந்து வருட ஆராய்ச்சி இவ்வளவுதான்.

பிசினில் கார்பன் நானோ குழாய்த்தூளைக் கலந்தால் அது இரும்பாகிவிடும் என்று பேராசிரியர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தத் தூளோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தோசை மாவில் விழுவதுபோல் கட்டி கட்டியாக விழும். முந்தைய ஆறு பட்டைகளும் கட்டி இருந்த இடத்தில்தான் டப்பென்று உடைந்தன. ஒன்றும் கலக்காத வெறும் பிசினே தேவலாம்.

இதுவும் அப்படி உடைந்தால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். ஐந்து வருடமாக இதையே செய்துவரும் மாணவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா இழுங்க."

இழுப்பது நானா? பொத்தானை அழுத்தினால் என் வேலை முடிந்தது. பதினாறு வருடமாக இங்கே நான் செய்வது அது ஒன்றுதான். மேஜையைக்கூடத் துடைப்பதில்லை என்று பேராசிரியர் போகிற போக்கில் குத்திக்காட்டுவார்.

திரையில் கோடு ஏறியது. ஆறு பட்டைகளும் உயிரை விட்ட இடத்தைத் தாண்டியது. வெறும் பிசினின் அளவையும் தாண்டியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகுதான் உடைந்தது. உடைந்த இடத்தில் மருந்துக்குக்கூட ஒரு கட்டி இல்லை.

மாணவி அழுதாள், சந்தோஷத்தில். நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதே தூள், இதே அளவு, இன்னும் இருபது பட்டை என்று பேராசிரியர் உத்தரவு போட்டுவிட்டு, போகும்போது என் தோளில் வேறு தட்டினார்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

போன வாரம் பேராசிரியரின் வாய்க்குப் பயந்து, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மேஜையைத் துடைத்தேன். தராசுத் தட்டில் ஏதோ கரி சிந்திக் கிடந்தது. அதையும் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டேன். அது அவள் நிறுத்து வைத்திருந்த குழாய்த்தூள், கைவசம் இருந்த கடைசிச் சிட்டிகை என்பது துணியைப் பிழியும்போதுதான் உறைத்தது. அவள் சாப்பிட்டுத் திரும்பி வர அரை மணி நேரம் இருந்தது.

இன்று, ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டு நேராக அலுவலக அறைக்குப் போனேன். தட்டச்சர் அக்கா பாதி எழுத்து விழாத கடிதம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிரிண்டர்ல போடுற கருப்புப் பவுடர், போன வாரம் கொஞ்சம் எடுத்துட்டுப் போனேனே, அது இன்னொரு டப்பா இருக்கா?"