வாசலில் கழற்றிய பூ

இன்னும் கொஞ்சம் கிட்டக்க வந்து உட்காருங்க. சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

அலங்காநல்லூர் ரோட்டில் ராஜஸ்ரீயின் கம்பெனி இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, மாவாக அரைத்து, பேட்டரிக்குள் போடுகிற கறுப்புப் பவுடராக்கி அனுப்புகிற கம்பெனி. ராஜஸ்ரீ இஞ்சினியருக்குப் படித்தவள். கிராப்பு வெட்டிய தலை. சிரிப்பு கம்மி.

அவள்தான் திங்கட்கிழமை அந்தச் சட்டத்தைப் போட்டாள். உள்ளே வேலை பார்க்கிற யாரும் தலையில் பூவோடு வரக் கூடாது.

மதுரைப் பக்கத்துப் பொம்பளைகளிடம் போடுகிற சட்டமா அது? பவுடரைப் பையில் அடைக்கிற பெண்களுக்கு மூத்தவள் பாண்டிச்செல்வி. அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"பூ என்ன மேடம் பாவம் பண்ணுச்சு?"

"பவுடருக்கு ஈரம் ஆகாதுக்கா. பூவுல அம்புட்டும் தண்ணி. போன தடவை அனுப்புன சாம்பிள் ஈரம்னு திரும்பி வந்துருச்சு. இந்த லோடும் திரும்புனா கம்பெனியைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்ப வச்ச பூவை என்ன செய்ய?"

"வாசல்ல கொக்கி அடிச்சிருக்கேன். அவங்கவங்க பேரு ஒட்டியிருக்கு. மாட்டிட்டு வாங்க, சாயங்காலம் எடுத்துக்கங்க."

"கிராப்புத் தலைக்குப் பூவோட அருமை எங்க தெரியப்போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினாள் பாண்டிச்செல்வி.

எல்லாக் கொக்கியிலும் மல்லிகை தொங்கியது. ஒன்று மட்டும் சும்மா இருந்தது. தங்கப்பொண்ணு பேர் ஒட்டிய கொக்கி. ஆடியில் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்த மாசம்தான் வேலைக்கு வந்திருக்கிறாள்.

மத்தியானம் சோற்றுவேளையில் பாண்டிச்செல்வி சொன்னாள்.

"தங்கம் வந்த நேரத்தைப் பாத்தீங்களாடி. அவ தலை மாதிரியே நம்ம தலையையும் ஆக்கிப்புட்டாங்க."

சிரிக்கத்தான் சொன்னாள். சிரிக்கவும் செய்தார்கள். தங்கப்பொண்ணு பாதிச் சோற்றோடு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. முதல் லோடு கிளம்புகிற நாள். லாரிக்கு மாலை போட்டு, ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது.

"ஏத்தா தங்கம், வண்டி கிளம்புற நேரம் எதுக்க வந்து நிக்காத. தப்பா நினைச்சுக்காத" என்றாள் பாண்டிச்செல்வி.

தங்கப்பொண்ணு ராஜஸ்ரீயின் அறைக்குப் போனாள்.

"நான் இன்னையோட நின்னுக்கிறேன் மேடம்."

ராஜஸ்ரீ சின்னத் தராசில் பவுடரை நிறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேற வேலை கிடைச்சிருச்சா?"

"இல்ல."

"பிள்ளைகளுக்கு?"

"எப்படியோ பாத்துக்கிறேன். என்னாலதான் எல்லாத்துக்கும் பூ போச்சாம். வண்டிக்கு எதுக்கவும் நான் நிக்கக் கூடாதாம்."

ராஜஸ்ரீ நிறுத்த பவுடரைக் கொட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து நிறுத்தாள்.

"பூ போனது ஈரத்தால. சட்டத்தை மாத்த முடியாது. ஷிஃப்டு முடியட்டும். இப்பப் போய் வேலையைப் பாருங்க."

அம்புட்டுதான். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. படித்தவர்கள் இப்படித்தான் போல என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள் தங்கப்பொண்ணு.

சாயங்காலம் பார்த்தால் கொக்கியில் ஒரு பூவும் இல்லை. வாசலில் ஒரு கூடை. ஈரத்துணிக்கு அடியில் எல்லார் பூவும் ஒன்றாகக் கிடந்தது.

"வெயில்ல வாடிரும்னு எடுத்துப் போட்டேங்கா. எது யாருதுன்னு தெரியாமப் போச்சு" என்றாள் ராஜஸ்ரீ.

"ஒரு மில்லிகிராம் பிசகுனா எங்களைப் பிடிச்சு உலுக்குறீங்க. நீங்க இப்படிப் பண்ணலாமா?" என்றாள் பாண்டிச்செல்வி.

"பண்ணிட்டேன். ஆளுக்கு ஒரு துண்டு, வரிசையா வாங்க."

கையால் அளந்து, நறுக்கி நறுக்கிக் கொடுத்தாள். வாங்கியவர்கள் வைத்துக்கொண்டார்கள். தங்கப்பொண்ணு மட்டும் குடோன் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"தங்கப்பொண்ணு, வாங்க."

"எனக்கு வேணாம் மேடம். நான் பூவே மாட்டலயே."

"உங்களுக்கு இல்ல, எனக்கு. மொத லோடு கிளம்புது. எனக்குப் பூ வைக்கத் தெரியாது. நீங்க வச்சு விடுங்க."

சொல்லிவிட்டு லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

பாண்டிச்செல்வி பதறிவிட்டாள். "மேடம், நல்ல நேரத்துல அவளை எதுக்கு? நான் வச்சு விடுறேனே."

"நீங்க தட்டைப் பிடிங்கக்கா."

தங்கப்பொண்ணு கூனிக் குறுகி வந்தாள். ராஜஸ்ரீ அவள் முன்னால் தலையைக் குனிந்தாள். அந்த முடியில் பூ எங்கே நிற்கும்? பூத்துண்டோடு, கோட்டுப் பையிலிருந்து ஒரு கிளிப்பையும் எடுத்துக் கொடுத்தாள், பேட்டரியைச் சோதிக்க வயர் நுனியில் மாட்டுகிற கிளிப்பு. தங்கப்பொண்ணு குத்தி விட்டாள். சேவல் கொண்டை மாதிரி நின்றது பூ.



"கோணலா இருக்குடி தங்கம்" என்றாள் பாண்டிச்செல்வி, தட்டைப் பார்த்துக்கொண்டே. "கொஞ்சம் இடது பக்கமாத் தள்ளு."

ஆரத்தி சுற்றி, வண்டி கிளம்பிப் போனது. கூடையில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ராஜஸ்ரீ அதை எடுத்தாள்.

"இஷ்டம் இருந்தா திரும்பி நில்லுங்க தங்கப்பொண்ணு. திங்கக்கிழமை உங்க கொக்கியும் சும்மா தொங்க வேணாம்."

தங்கப்பொண்ணு லாரி போன ரோட்டைப் பார்த்தாள். பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி நின்றாள்.

ராஜஸ்ரீ கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ரெண்டாவது கிளிப்பை எடுத்தாள்.