கையில் ஒரு பிஸ்கட்

சமையலறை ஜன்னல் வழியே விழும் மாலை வெயிலில் அம்மா மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு பிஸ்கட். எதிரே நிற்கும் மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. "பிஸ்கட்னு சொல்லு கண்ணா. 'தா'ன்னாவது சொல்லு." அவன் பிஸ்கட்டைப் பார்க்கிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான், எச்சில் விழுங்குகிறான். பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நிற்கிறார். "பசிக்குது அவனுக்கு. குடுத்துரேன்." "வாயைத் திறந்து கேக்காம குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல." "எங்கண்ணன்கூட மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். இப்ப மூடவே மாட்டேங்குறான்." இதை அவர் தினமும் சொல்கிறார், முன்பெல்லாம் அவள் சிரிப்பாள். குழாய் சொட்டுகிறது. அவள் கண் நிறைந்து வழிகிறது. மகன் அதையே பார்க்கிறான். பிறகு அவள் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, பிஸ்கட்டை அவள் வாய்க்கே கொண்டுபோகிறான். அவள் உதடு பிரியவில்லை. ஊட்டும்போதெல்லாம் அவள் அவனுக்குச் செய்து காட்டுவதுபோலவே, தன் வாயை அகலமாகத் திறந்து, சத்தமே இல்லாமல், காட்டிக்கொண்டு நிற்கிறான்.