தம்புசாமி போட்ட கட்டு

சேவல் தட்டிவிட்ட தகர டப்பா தரையில் விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளே இருந்ததைப் பார்த்த சீதாலெட்சுமி இரண்டடி பின்னால் போனாள்.

பன்னிரண்டு தூண்டில் முள். ஒவ்வொரு முள்ளிலும் கறுப்புச் சேவல் இறகைச் சுற்றி, சிவப்பு நூலால் இறுக்கி ஒரு கட்டு.

தன் கறுப்புச் சேவலைப் பிடிக்கத்தான் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் எந்தச் சேவல் வீட்டு நம்பர் பார்த்துப் போகிறது? இப்போது அதன் கழுத்தைப் பார்த்தாள். பாதி மொட்டை. அட பாவமே, சீக்கு என்று நினைத்து இரண்டு வாரமாக மஞ்சள் அல்லவா பூசிக்கொண்டிருந்தாள்!

அந்த வீட்டில் இருக்கும் தம்புசாமி, அவள் புருஷன் இராமலிங்கத்தோடு ஒரே கேங்கில் தண்டவாள வேலை. ஒண்டிக்கட்டை. நாம் பத்து வார்த்தை பேசினால் ஒரு 'ம்' போடுவான். வேலை முடிந்ததும் நேராக ரயில்வே துரை பங்களாவுக்குப் போய்விடுவான். போன மாதம் சேவல் கூவியதற்காக, "இன்னொரு தடவை என் சன்னல்ல கூவட்டும், கழுத்தைத் திருகிடறேன்" என்று கத்தினான்.

அடுத்த வாரமே இராமலிங்கத்துக்கு மாற்றல் வந்தது. லிப்பிஸுக்கு அப்பால், காட்டுக்குள் போகும் ரயில் லைன். அங்கே போன நாலு பேரில் இரண்டு பேரைக் காய்ச்சல் கொண்டு போயிருந்தது. திங்கட்கிழமை இவன் கிளம்ப வேண்டும். அவளுக்கோ ஏழு மாதம்.

"வீரம்மாக்கா! ஓடி வாங்களேன்!"

எதிர்வீட்டு வீரம்மா டப்பாவை எட்டி நின்றே பார்த்தாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

"அய்யய்யோ, செய்வினைடி இது! ஏதோ மலாய்க் கம்பத்துல மந்திரவாதி போமோகிட்ட கத்துக்கிட்டு வந்திருக்கான்லா. ஒன் சேவல் இறகை எடுத்து ஒன் புருஷன் பேருல கட்டு போட்டிருக்கான்."

"பன்னெண்டு இருக்கேக்கா?"

"பன்னெண்டு நாளைக்கோ, பன்னெண்டு மாசத்துக்கோ... எனக்கு ஏன்டி வம்பு? உப்பு மிளகா சேர்த்து அடுப்புல போடு. நாளைக்கு முனியாண்டிக்கு இந்தச் சேவலையே அறுத்துடு."

சீதாலெட்சுமி டப்பாவோடு தன் வீட்டு வாசல் அடுப்புக்கு ஓடினாள்; அவசரத்தில் பாதி மிளகாய் வெளியே விழுந்தது. அடுப்பில் போட்டதுதான் தாமதம், இறகு பொசுங்கும் நாற்றம் லைன் முழுக்கப் பரவியது. இருமலும் அழுகையும் ஒன்றாக வந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி நூல் கருகும் வரை பார்த்தாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து இராமலிங்கமும் தம்புசாமியும் சேர்ந்தே வந்தார்கள்.

"கிட்ட வராதே!" சீதாலெட்சுமி தம்புசாமியைப் பார்த்து விறகுக் கட்டையைத் தூக்கினாள். "என் வயித்துப் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கக் கூடாதா? எல்லாத்தையும் எரிச்சிட்டேன். ஒன் கட்டு இனிமே செல்லாது!"

தம்புசாமி அடுப்பைப் பார்த்தான். சாம்பலில் கறுத்துக் கிடந்த முட்களைப் பார்த்தான். அப்படியே குந்திவிட்டான்.

"அடிப் பாவி!" இராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். "அது துரைக்கு மீன் பிடிக்கக் கட்டின ஈ, தெரியுமா!"

"ஈயா?"

"பொய் ஈ. கேமரன் மலை ஆத்துல சீமை மீன் விட்டிருக்காங்க, டிரவுட்டுனு பேரு. துரைமாருங்க அதுக்குப் புழு போட மாட்டாங்க. இறகுல ஈ மாதிரி கட்டிப் போட்டா, நெசம்னு நம்பி வந்து கடிக்கும். தம்புசாமிதான் துரைக்குக் கட்டிக் கொடுக்கறான்."

"அப்ப... மாத்தல்?"

தம்புசாமி வாயைத் திறந்தான். "துரை இன்னிக்கு ஆறு மணி வண்டிக்கு மலைக்குப் போறாரு. ஒரு டஜன் கொண்டாந்து கொடு, இராமலிங்கத்தோட ஆர்டரை மாத்தி எழுதறேன்னாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள திங்கட்கிழமை வந்துடும் தங்கச்சி."

விறகுக் கட்டை நழுவி விழுந்தது. புருஷனைக் காப்பாற்ற வந்ததைத் தன் கையாலேயே எரித்துவிட்டாள். வீரம்மா வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"இன்னும் முள்ளு இருக்காண்ணே?"

"முள்ளு இருக்கு. நூலும் இருக்கு. இறகுதான்..."

அவள் ஓடினாள். நாளைக்கு அறுபட இருந்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "பிடுங்குங்கண்ணே."

இராமலிங்கம் நூலைப் பிரித்துக் கொடுத்தான். தம்புசாமியின் விரல்கள் பறந்தன. மூன்றரைக்கு ஐந்து ஈ. நாலரைக்கு எட்டு. ஒவ்வொரு ரயில் ஊதும்போதும் ஆறு மணி வண்டியோ என்று சீதாலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். சேவல்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

பத்தாவது ஈ முடிந்தபோதுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அப்ப அந்தக் காட்டுக்கு இனிமே யாரும் போக வேணாமாண்ணே?"

"ஆளு போகாம லைன் ஓடுமா? ஒருத்தன் போய்த்தான் ஆகணும். துரை ஆர்டர்ல ஆளு பேரை மட்டும் மாத்துவாரு."

இராமலிங்கத்தின் கை அப்படியே நின்றது. "டேய், யாரு பேரை எழுதச் சொன்னே?"

தம்புசாமி பல்லால் நூலைக் கடித்து அறுத்தான்.

"என் பேரைத்தான். எனக்கென்ன, அழறதுக்கு வீட்டுல யாரு இருக்கா? சேவலைக் கெட்டியாப் பிடி தங்கச்சி, இன்னும் ரெண்டு கட்டணும்."