பாதிக்கு மேல் வந்த குரல்

உகாண்டாவின் கம்பாலாவில் வெளிநாட்டுப் படங்களின் மேல் லுகாண்டா மொழியில் குரல் பதிந்து கதை சொல்வான் கிசிட்டோ. நடுநடுவே பேட்டைக்காரர்களைப் பெயர் சொல்லி விசாரிப்பான். அதற்காகவே டிவிடி வாங்குவார்கள். கடைசிப் படத்துக்குப் பாதிவரை பேசிவிட்டுச் செத்துப்போனான்.

மீதிப் பாதிக்கு அவன் மனைவி நலுக்வாகோ வசன எழுத்துகளைச் சேர்த்து, மெனு அமைத்து, டிவிடியில் ஏற்றினாள். தங்கள் கடையில் போட்டுப் பார்த்தபோது, பாதிக்கு மேலும் குரல் நிற்கவில்லை.

"கசாப்புக்கடை முசோகே, வாங்க, இடம் இருக்கு."

முசோகே போன வருடம் இறந்தவர். அடுத்து அழைத்த சப்பாத்திக்கார அம்மாவும் உயிரோடு இல்லை. கணினியில் பார்த்தாள். அவன் குரல் பதிந்த ஒலித்தடத்தின் பின்பாதி வெறுமையாகத்தான் இருந்தது. வேறொரு டிவிடியில் ஏற்றினாள். அதிலும் பேசினான்.

"அண்ணி, டிஸ்க் ரெடியா?" கிசிட்டோவின் தம்பி லுபேகா, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கடைகளுக்கு டிவிடி கொண்டுபோய்ப் போடுபவன் அவன்தான். "அண்ணன் இன்னும் வாயை மூடலையா?"

அவள் நிறுத்துவதற்குள் குரல் சொன்னது: "லுபேகா, வாடா. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உக்காரு."

"என் பேரையும் சொல்லிட்டான் பாருங்க!"

அவள் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னைக்கு நீ ரோட்டுக்கே போகக் கூடாது."

"சரி அண்ணி, போகல." சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தான்.

படம் முடிந்து மெனு வந்தது. சாவி அவள் கையில் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.