நேராக மூழ்க

மறுபடியும் மூக்கைக் குத்திக்கொண்டுதான் இறங்கியது.

கை நீளமே உள்ள மாதிரிப் படகு. சிமெண்ட் தொட்டியின் அடியில் தலைகீழாக நின்றது. அவள் அதை வெளியே எடுத்தாள்.

தண்ணீர்மேல் போகப் பாய். மூழ்கும்போது பாய்மரத்தை மடக்கி முதுகில் படுக்க வைத்துவிட்டுப் பெடல். மூழ்குவதற்காக அடிவயிற்றில் நீளமாக ஒரு நீரறை. அதில் தண்ணீர் ஏற ஏறப் படகு கனக்கும், இறங்கும்.

காலியாக மிதந்தபோது சமமாக நின்றது.

நீரறையை முழுக்க நிரப்பி, நடுவில் நூல் கட்டித் தூக்கினாலும் சமம்.

இடையில் எங்கோதான் தலை குப்புறப் போகிறது.

கரையில் பெரிய படகு தயாராக இருந்தது. இதே வடிவம், இதே நீரறை. ஞாயிறு பூசை முடிந்ததும் அதில் ஏறி மூழ்கப்போகிறவன் அவள் கணவன் ஜெர்சன். மூக்குக் குத்தினால் முன்பக்க மூடி சேற்றில் புதைந்துவிடும். அவன் வெளியே வர வேறு வழி கிடையாது.

ஜெர்சன் தலையைத் துவட்டிக்கொண்டே தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன புள்ள, கோயிலுக்கு வந்த மாதிரி முட்டுக்கால் போடுது? முன்னால சாஞ்சா பின்னால ஓடணும்னு அதுக்குத் தெரியாதா?"

அவள் கை நின்றது.

பாய் வள்ளத்தில் அப்படித்தான். காற்று ஒரு பக்கம் சாய்த்தால், ஆட்கள் மறுபக்கப் பலகையில் ஏறி உட்கார்வார்கள். முன்பக்கம் தாழ்ந்தால் பின்னால் ஓடுவார்கள். அவள் பார்த்து வளர்ந்த பாரமெல்லாம் ஓடுகிற பாரம். நீரறையைத் தடுப்பில்லாமல் விட்டதும் அதனால்தான். பாரம் நகர இடம் வேண்டுமே.

ஆட்கள் சாய்வுக்கு எதிராக ஓடுவார்கள்.

தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடும்.

அறை பாதி நிறைந்திருக்கும்போது மூக்கு நூலளவு தாழ்ந்தால் போதும். உள்ளிருக்கும் தண்ணீர் முன்னால் வரும். மூக்கு இன்னும் தாழும். இன்னும் வரும்.

மாதிரியை அறுத்துத் திறந்தாள்.

பெயிண்ட் காய்ந்து நிற்கிற பெரிய படகையும் இப்படி அறுத்தாக வேண்டும். ஜெர்சன் ஊரெல்லாம் ஞாயிறு என்று சொல்லி வைத்திருக்கிறான்.

வேறு ஞாயிறு வரும்.

தகரத்தில் இரண்டு தடுப்புகள் வெட்டிப் பொருத்தி, ஓரங்களில் எம்சீல் அப்பினாள். காயும்வரை தொட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மூன்று அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். நடு அறை விளிம்புவரை நிறைந்த பிறகுதான் முன் அறையும் பின் அறையும், இரண்டும் ஒரே சமயத்தில்.

மாதிரிப் படகு கிடையாக இறங்கி, முன்னும் பின்னும் ஒருசேரத் தொட்டித் தரையில் அமர்ந்தது.