நடு வால்வு

"நீங்களும்தானேப்பா ஊதினீங்க, ஏன் எல்லாரும் பக்கத்துல ஊதின மாமாவுக்கு மட்டும் கை தட்டினாங்க?" என்று மகள் எப்போதோ கேட்டது, இந்தக் கச்சேரியின் இடைவேளையிலும் இரண்டாம் டிரம்பெட்காரரின் காதில் ஒலிக்கிறது. ஒப்பனை அறை வாசலில் முதல் டிரம்பெட்காரரைச் சுற்றி ஒரே கூட்டம். "அண்ணே, அந்த உச்சத்துல எனக்கு வில்லே ஓடல!" என்கிறாள் வயலின்காரி. "அவ்வளவு மூச்ச எங்கண்ணே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று டிரம்ஸ்காரர் சிரிக்கிறார். உள்ளே தனியாக நிற்கும் இவருக்கு வயிறு எரிகிறது. கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகிறது. குழுவில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான்; நாற்காலியில் அண்ணனின் டிரம்பெட் விளக்கொளியில் மினுங்குகிறது. அதன் மூன்று வால்வுகளில் நடு வால்வு விரலால் அழுத்தினால் மீண்டும் எழத் தயங்குவதை, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த இவர் கண்டுவிட்டார். அண்ணன் இன்னும் கவனிக்கவில்லை. அடுத்தது அவருடைய தனி வாசிப்பு. இவர் சும்மா இருந்தாலே போதும், வால்வு சிக்கிச் சுரம் பிசகி அண்ணனின் மானம் கப்பலேறிவிடும். போன கச்சேரியில் இவருடைய உதடு வெடித்து ஊதல் நின்றபோது, அண்ணன் முகத்தைக்கூடத் திருப்பாமல் விட்ட இடத்திலிருந்து எடுத்து ஊதி முடித்தார்; இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. "கடவுளே" என்று முனகியபடி இவர் கோப்பையை வைக்கிறார். தன் பெட்டியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து, அண்ணனின் வால்வைக் கழற்றித் துடைத்து, சில சொட்டுகள் விட்டு மாட்டுகிறார். அழுத்தினால் துள்ளி எழுகிறது. டிரம்பெட்டை இருந்தபடியே வைக்கிறார். வாசலில் மறுபடியும் கைதட்டல். எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. விரல்களில் எண்ணெய் மணக்கிறது.